மதுரை டூ கோலாலம்பூர் பறக்க 4 மணி நேரம்தான்... போய்ச் சேர ஏன் 11 மணி நேரம்? வானத்தில் 35 கி.மீ., ரோட்டில் 135 கி.மீ. கணக்கு!

மதுரையில் இருந்து மலேசியா எத்தனை கிலோமீட்டர்? சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்? துபாய் கிட்டவா, சிங்கப்பூர் கிட்டவா? வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வந்ததும், மகள் பிரசவத்துக்குப் போக விசா கிடைத்ததும், முதல் டூர் பிளான் போட்டதும் மதுரைக்காரர்கள் செல்போனில் தேடுகிற கேள்விகள் இவை. பதிலும் ஒரு நொடியில் வந்துவிடும். 2,725 கி.மீ., சுமார் 4 மணி நேரம்.

ஆனால் சிம்மக்கல்லில் இருந்து பெட்டியோடு கிளம்பி கோலாலம்பூரில் இறங்கிய யாரையாவது கேட்டால் "முழுசா அரை நாள் ஆச்சுப்பா" என்பார்கள். 4 மணி நேரப் பயணம் எப்படி 11 மணி நேரம் ஆகிறது? நடுவில் உள்ள 7 மணி நேரம் எங்கே போகிறது? அதில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு ஒரு காகிதத்தில் ஊர் பெயர் இல்லாததால் வருவது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில் தூரம்: மதுரையில் இருந்து எது எவ்வளவு?

மதுரை விமான நிலையத்தில் இருந்து நேர் வான்வழித் தூரம் (தோராயமாக):

• கொழும்பு: 355 கி.மீ.
• சென்னை: 420 கி.மீ.
• டெல்லி: 2,085 கி.மீ.
• கோலாலம்பூர்: 2,725 கி.மீ.
• துபாய்: 2,950 கி.மீ.
• அபுதாபி: 2,965 கி.மீ.
• சிங்கப்பூர்: 3,010 கி.மீ.

இந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வான்வழியில் மதுரைக்கு நம் மாநிலத் தலைநகரை விட இலங்கையின் கொழும்பு விமான நிலையம்தான் பக்கம். இரண்டு, மேற்கே துபாயும் கிழக்கே சிங்கப்பூரும் மதுரையில் இருந்து ஏறக்குறைய ஒரே தூரம். வித்தியாசம் வெறும் 60 கி.மீ.தான். தமிழர்கள் அதிகம் வேலைக்குப் போகிற இரண்டு திசைகளுக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது மதுரை.

இந்தத் தூரம் எப்படி அளக்கப்படுகிறது? சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாக வரும். உருண்டையான பூமி உருவத்தின் மீது இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் மிகக் குறுகிய பாதை. நிஜத்தில் விமானம் அந்த நூலின் மேலேயே போகாது. நிர்ணயிக்கப்பட்ட வான்பாதைகள், மழை மேகம், மற்ற விமானங்களின் நெரிசல் என்று கொஞ்சம் வளைந்துதான் போகும். அதனால் பறக்கும் தூரம் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

பறக்கும் நேரம் எப்படி கணக்கிடுவது?

மதுரைக்கு வந்து போகும் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ரக விமானங்கள் உயரத்தில் மணிக்கு சுமார் 830 முதல் 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஆனால் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரமும் உண்டு. அதனால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. தூரத்தை 800 ஆல் வகுத்து, கூடவே அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட சரியாக வரும்.

• கொழும்பு: சுமார் 1 மணி நேரம்
• கோலாலம்பூர்: சுமார் 3 மணி 55 நிமிடம்
• துபாய்: சுமார் 4 மணி 10 நிமிடம்
• சிங்கப்பூர்: சுமார் 4 மணி 15 நிமிடம்

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் 10, 15 நிமிடம் கூடவே இருக்கலாம். தாமதம் ஆனாலும் "சரியான நேரத்தில் வந்துவிட்டோம்" என்று சொல்ல விமான நிறுவனங்கள் கொஞ்சம் கை இருப்பு வைத்துக்கொள்வது வழக்கம்தான்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்... ஏன்?

காற்றுதான் காரணம். குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடா பகுதிகளுக்கு மேலே மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி பலமான காற்றோட்டம் வீசும். துபாய்க்குப் போகிற விமானம் கடைசிப் பகுதியில் இதை எதிர்த்துப் பறக்க வேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளிவிடும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கதை தலைகீழ். தரையில் மேற்கில் இருந்து காற்று அடித்தாலும், மிக உயரத்தில் கிழக்கில் இருந்து மேற்கு நோக்கி வேகமான காற்று ஓடும். வெப்பமண்டல கீழை ஜெட் காற்றோட்டம் என்று இதற்குப் பெயர். 1950-களில் இதை உலகுக்கு விளக்கிச் சொன்னவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி.கோடேஸ்வரம். ஆக, ஆடி மாதத்தில் சிங்கப்பூர் போகிற விமானம் சில நிமிடங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பைலட்டைத் திட்ட வேண்டாம்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லி, அமிர்தசரஸ் பக்கம் வளைகுடா பயண நேரம் கூடியது. மதுரை - துபாய் நேர்பாதை அரபிக் கடலைத் தாண்டி ஓமன் வழியாகப் போவதால் அந்தச் சிக்கல் இந்தப் பக்கம் இல்லை. ஆனால் வளைகுடாவிலேயே பதற்றம் வந்து அங்குள்ள நாடுகள் வான்வெளியை மூடினால் மதுரையும் தப்பாது.

டிக்கெட்டில் 6 மணி 45 நிமிடம் காட்டுதே?

முதல் முறை போகிறவர்கள் பலர் குழம்புவது இங்கேதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் இந்திய நேரம். இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால்.

உதாரணத்துக்கு, இரவு 10 மணிக்கு மதுரையில் கிளம்பும் ஒரு விமானம் சிங்கப்பூரில் அதிகாலை 4.45-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் 6 மணி 45 நிமிடம். இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் உண்மையான பயணம் 4 மணி 15 நிமிடம்தான். துபாய்க்கு இதுவே தலைகீழ். இரவு 10-க்கு ஏறினால் அங்கே நள்ளிரவு 12.40-க்கு இறங்கிவிடலாம். கடிகாரம் 2 மணி 40 நிமிடம்தான் என்று சொல்லும். உடம்புக்குத் தெரியும், 4 மணி 10 நிமிடம் என்று.

சரி, 11 மணி நேரம் எப்படி ஆகுது?

இப்போது நிஜப் பயணத்துக்கு வருவோம். மதுரையில் இருந்து கோலாலம்பூர் போக விரும்பும் பலரும் பிடிப்பது திருச்சி விமான நிலையத்தை. ஏர் ஏசியா, பாட்டிக் ஏர் போன்ற மலேசிய நிறுவனங்கள் அங்கிருந்துதான் பறக்கின்றன. சிம்மக்கல்லில் வீடு என்றால் கணக்கு இப்படித்தான் வரும்:

• சிம்மக்கல் - மாட்டுத்தாவணி: அரை மணி நேரம்
• மாட்டுத்தாவணி - திருச்சி பஞ்சப்பூர் பஸ்: சுமார் 135 கி.மீ., 3 மணி நேரம்
• பஞ்சப்பூர் - திருச்சி விமான நிலையம்: அரை மணி நேரம்
• செக்-இன், இமிகிரேஷன், காத்திருப்பு: 3 மணி நேரம்
• திருச்சி - கோலாலம்பூர்: 3 மணி 50 நிமிடம்

மொத்தம் கிட்டத்தட்ட 11 மணி நேரம். மதுரையில் இருந்தே நேரடி விமானம் இருந்தால்? விமான நிலையம் போக 40 நிமிடம், காத்திருப்பு 3 மணி நேரம், பறக்க 3 மணி 55 நிமிடம். ஏழரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வழிக்கே மூன்றேகால் மணி நேரம் மிச்சம். போக வர ஆறரை மணி நேரம். வழியனுப்பவும் வரவேற்கவும் வேன் பிடித்துப் போகிற குடும்பங்களின் நேரமும் செலவும் தனி.

இதில் வேடிக்கை என்னவென்றால், திருச்சியில் இருந்து கோலாலம்பூர் 2,690 கி.மீ. மதுரையில் இருந்து 2,725 கி.மீ. வானத்தில் வித்தியாசம் 35 கி.மீ. மட்டுமே. விமானத்துக்கு அது இரண்டரை நிமிட வேலை. அந்த 35 கிலோமீட்டருக்குப் பதிலாக பயணி ரோட்டில் 135 கி.மீ. போகிறார்.

சென்னை வழியாகப் போனாலும் பெரிய லாபம் இல்லை. உள்நாட்டு விமானம், டெர்மினல் மாற்றம், மறுபடி காத்திருப்பு என்று அதுவும் 11 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

அப்போ ஏன் திருச்சிக்கு வருது, மதுரைக்கு வரல?

மதுரைக்கு கூட்டம் இல்லை, ரன்வே சின்னது என்று ஊரில் பல காரணம் சொல்வார்கள். அடிப்படைக் காரணம் வேறு.

ஒரு நாட்டு விமான நிறுவனம் இன்னொரு நாட்டுக்கு நினைத்தபடி பறக்க முடியாது. 1944 டிசம்பர் 7-ல் அமெரிக்காவின் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் பிரிவே, தன் வான்வெளி மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு உரிமை உண்டு என்கிறது. இன்னொரு நாட்டுக்கு வழக்கமான பயணிகள் விமானம் இயக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும்.

அந்த அனுமதிதான் இருதரப்பு விமான சேவை ஒப்பந்தம். இந்தியாவும் அந்த நாடும் உட்கார்ந்து பேசி, வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்களில் இறங்கலாம் என்று எழுதிக்கொள்கின்றன. இறங்க அனுமதிக்கப்பட்ட ஊருக்கு 'பாயிண்ட் ஆஃப் கால்' என்று பெயர். பட்டியலில் ஊர் பெயர் இருந்தால் வரலாம். இல்லையென்றால் வெளிநாட்டு நிறுவனம் எத்தனை ஆசைப்பட்டாலும் வர முடியாது.

இங்கேதான் திருச்சிக்கும் மதுரைக்கும் பாதை பிரிகிறது. 2003-ல் அன்றைய பிரதமர் வாஜ்பாய், ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு 18 இந்திய சுற்றுலா நகரங்களைத் திறந்துவிடுவதாக அறிவித்தார். அந்த நகரங்களுக்கு எத்தனை விமானம் வேண்டுமானாலும் இயக்கலாம். பட்டியல் இது: பாட்னா, லக்னோ, குவஹாத்தி, கயா, வாரணாசி, புவனேஸ்வர், கஜுராஹோ, ஔரங்காபாத், கோவா, ஜெய்ப்பூர், போர்ட் பிளேர், கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, அமிர்தசரஸ், விசாகப்பட்டினம், அகமதாபாத், திருச்சி.

கயா இருக்கு. கஜுராஹோ இருக்கு. மீனாட்சியம்மன் கோயில் இருக்கும் மதுரை இல்லை. அன்றைக்கு மதுரையில் இருந்து வெளிநாட்டு விமானமே கிடையாது என்பதும் உண்மை. மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பரில்தான் கொழும்புக்குக் கிளம்பியது. ஆனால் அதற்குப் பிறகும் அந்தப் பட்டியலில் மதுரை சேர்க்கப்படவில்லை. மலேசியா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் என மதுரைக்காரர்கள் அதிகம் போகும் நாடுகளின் நிறுவனங்களுக்கு மதுரையில் இறங்கும் உரிமை கொடுக்கப்படாததுதான் பிரச்னையின் மையம்.

டெல்லியைச் சுற்றி ஒரு வட்டம்

தூரக் கணக்கு இங்கே இன்னொரு விதத்திலும் விளையாடுகிறது. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை, சார்க் நாடுகளுடனும், டெல்லியில் இருந்து 5,000 கி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு முழுமையாக வெளியே இருக்கும் நாடுகளுடனும் கட்டுப்பாடற்ற 'திறந்த வான்' ஒப்பந்தம் போடலாம் என்றது. வட்டத்துக்கு உள்ளே இருக்கும் நாடுகளுக்கு பழையபடி பேச்சுவார்த்தை, இருக்கை எண்ணிக்கை, ஊர்ப் பட்டியல்தான்.

டெல்லியில் இருந்து துபாய் சுமார் 2,200 கி.மீ. கோலாலம்பூர் 3,850. சிங்கப்பூர் 4,150. எல்லாமே வட்டத்துக்குள். மதுரைக்காரர் போக விரும்பும் ஊர்களில் பெரும்பாலானவை டெல்லியை மையமாக வைத்து வரைந்த கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டன.

'சர்வதேச விமான நிலையம்' ஆனால் போதுமா?

மதுரை விமான நிலையத்துக்கு சர்வதேச அந்தஸ்து வேண்டும் என்பது பல ஆண்டுகளாக ஒலித்து வந்த கோரிக்கை. மதுரை எம்.பி. சு.வெங்கடேசன், விமான நிலையம் அமைந்துள்ள விருதுநகர் தொகுதியின் எம்.பி. மாணிக்கம் தாகூர் இருவரும் இதைத் தொடர்ந்து எழுப்பி வந்திருக்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் பலகை மாறினால் மறுநாளே விமானங்கள் வரிசை கட்டும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டு உதாரணங்கள் போதும்.

முதல் உதாரணம் கேரளாவின் கண்ணூர். 2018 டிசம்பர் 9-ல் திறக்கப்பட்ட புத்தம்புது சர்வதேச விமான நிலையம். ஓடுபாதை 3,050 மீட்டர். பெரிய விமானமே இறங்கலாம். வளைகுடா பயணிகளுக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் 'பாயிண்ட் ஆஃப் கால்' இல்லாததால் வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கிருந்து வழக்கமான சேவை நடத்த முடியவில்லை. இந்திய நிறுவனங்களை மட்டுமே நம்பி ஓட வேண்டிய நிலை பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது.

இரண்டாவது உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2012 அக்டோபரில் திருச்சிக்கும் கோவைக்கும் ஒன்றாகத்தான் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. திருச்சி இன்று தென்கிழக்கு ஆசியாவுக்கு ஒரு வாசல். கோவையில் ஸ்கூட், ஏர் அரேபியா என்று விரல் விட்டு எண்ணக்கூடிய வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டுமே. பலகை ஒன்றுதான். பட்டியல் வேறு.

அந்தஸ்தால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. இமிகிரேஷன், சுங்கம், சரக்கு வசதிகளை வளர்க்க உதவும். முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை தரும். வெளிநாட்டு விமானம் வர அது மட்டும் போதாது, அவ்வளவுதான்.

ரன்வே நீளம் தடையா?

மதுரை ஓடுபாதையின் நீளம் 7,500 அடி, அதாவது சுமார் 2,285 மீட்டர். திருச்சியில் 2,480 மீட்டர். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. 4 மணி நேரப் பயணத்துக்கான 737, ஏ320 ரக விமானங்களுக்கு மதுரை ஓடுபாதையே போதுமானது. மதுரையில் இருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானங்கள் இயங்கியதே அதற்குச் சாட்சி.

ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டம் இருக்கிறது. சுற்றுச்சாலை குறுக்கே வருவதால் அங்கே சுரங்கப்பாதை அமைக்க வேண்டும். நிலம் எடுப்பதில் சின்ன உடைப்பு கிராம மக்கள், மாற்று இடமும் மறுவாழ்வும் கேட்டுப் போராடியதையும் மதுரை பார்த்தது. இந்த நீட்டிப்பு எதற்குத் தேவை என்றால், அகல உடல் கொண்ட பெரிய விமானங்களுக்கும் ஐரோப்பா போன்ற தொலைதூர நேரடிச் சேவைக்கும். கோலாலம்பூருக்குப் போக அது நிபந்தனை கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பினால், "ரன்வே வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லித் தள்ளிப்போட வசதியாகிவிடும்.

மத்திய அரசு என்ன சொல்கிறது?

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிலைப்பாடு மூன்று வாதங்களில் அடங்கும்.

1. சுங்க வசதி உள்ள எந்த இந்திய விமான நிலையத்தில் இருந்தும் இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டுக்குப் பறக்கலாம். மதுரைக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது.

2. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவின் சிறு நகரங்கள் வரை வந்து பயணிகளை அள்ளிப்போய், தங்கள் ஊரில் விமானம் மாற்றி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்புகின்றன. இதனால் இந்திய நிறுவனங்களின் நேரடி நீண்டதூரச் சேவை வளராமல் போகிறது.

3. ஒப்பந்தங்களில் ஏற்கெனவே வெளிநாட்டுத் தரப்புக்குக் கிடைத்துள்ள ஊர்கள் அதிகம். சமநிலை வேண்டும்.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. துபாய் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு சுமார் 66,000 இருக்கைகள். அந்த எண்ணிக்கை பல ஆண்டுகளாக ஏறக்குறைய நிரம்பி வழிகிறது. துபாயில் இறங்குகிறவர்களில் பலர் அங்கே தங்குவதில்லை, அடுத்த விமானம் ஏறுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

ஆனால் மதுரை - கோலாலம்பூருக்கு இந்த வாதம் எவ்வளவு பொருந்தும்? இந்த வழியில் போகிறவர்களில் கணிசமானோர் மலேசியாவுக்கே போகிறவர்கள். தொழிலாளர்கள், சொந்தபந்தம் பார்க்கப் போகிறவர்கள், கோயில் பார்க்க அங்கிருந்து வருகிறவர்கள். இவர்களுக்காக மதுரையில் இருந்து ஒரு இந்திய நிறுவனம் பறக்கவில்லை என்றால், வெளிநாட்டு நிறுவனத்தைத் தடுத்து காப்பாற்றப்படுவது எது என்ற கேள்வி வருகிறது. அந்தப் பயணி எப்படியும் ஒரு வெளிநாட்டு விமானத்தில்தான் ஏறுகிறார். திருச்சிக்குப் போய் ஏறுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்திய நிறுவனங்கள் ஏன் அதிகம் வரவில்லை?

வராமல் இல்லை. 2012-ல் கொழும்பு, அதன்பின் துபாய் என ஸ்பைஸ்ஜெட் வழி திறந்தது. 2017-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் சிங்கப்பூரை இணைத்தது. 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபிக்கு நேரடிச் சேவை தொடங்கியது. ஆனால் ஒரு வழித்தடத்துக்கு ஒரே நிறுவனம், வாரத்தில் சில நாட்கள் என்ற நிலைதான் அடிக்கடி. போட்டி இல்லாத இடத்தில் கட்டணம் குறைய வாய்ப்பு குறைவு. அந்த ஒரு நிறுவனம் விமானத்தை வேறு ஊருக்கு மாற்றினால் வழித்தடமே காலி.

நேரமும் ஒரு தடையாக இருந்தது. வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு, அதிகாலையில்தான் வந்து போகும். பகலில் உள்நாட்டில் ஓடும் விமானத்தை இரவில் வளைகுடாவுக்கு ஓட்டினால்தான் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். மதுரை விமான நிலையத்தில் 24 மணி நேர இயக்கம் 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. தூங்கா நகரத்தின் விமான நிலையம் அதுவரை இரவில் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

யாருக்கு இழப்பு?

பயணிகளோடு முடியவில்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன் மொட்டாகப் பறித்தால் மாலையில் விரிந்துவிடும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் தமிழ்க் குடும்பங்கள் வாங்குகிற பூ இது. பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் சரக்காகப் போகும். நேரடி விமானம் இல்லாத நாளில் ஐஸ் பெட்டியோடு வேறு விமான நிலையத்துக்கு ரோட்டில் ஓட வேண்டும். மனிதருக்கு மூன்றரை மணி நேரம் அலுப்பு என்றால், மல்லிகைக்கு அது ஆயுளில் பெரும்பங்கு.

மதுரை, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், திண்டுக்கல், தேனி என்று சுற்றியுள்ள மாவட்டங்களில் இருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருகிறவருக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. அவசரச் சாவுக்கு ஓடி வருகிறவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மதுரையின் பெரிய மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டில் இருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கும் ஆபரேஷன் முடிந்த உடம்போடு மூன்று மணி நேர ரோடு பயணம் சும்மா இல்லை.

டிக்கெட் போடும் முன் கவனிக்க வேண்டியவை

• விமானக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். திருச்சி, சென்னை, திருவனந்தபுரம் போகும் வண்டிச் செலவு, வழியனுப்ப வருகிறவர்களின் செலவு எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

• மதுரை - கொழும்பு ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய்க்கு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானங்கள் உண்டு. காத்திருப்பு நேரம் குறைவாக அமைந்தால் சென்னை வழியை விட இது வசதி.

• இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டு சென்னையில் மாறுவதாக இருந்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட்டாகப் போடுவது பாதுகாப்பு.

• நேரடி விமானங்கள் எல்லா நாளும் இருக்காது. கோடைகால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். டிக்கெட் போடும் முன் கிழமையைச் சரிபாருங்கள்.

• இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம் என்பதை அழைத்துப்போக வருகிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து என்ன?

மதுரை விமான நிலையம் பற்றி அடிக்கடி அறிவிப்புகள் வரும். புதிய டெர்மினல், ஓடுபாதை நீட்டிப்பு, அந்தஸ்து, பெயர் என்று ஒவ்வொன்றும் செய்தியாகும். அவை எல்லாமே தேவைதான். ஆனால் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் பயண நேரம் குறையுமா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, அந்த நாடுகளுடன் இந்தியா அடுத்து நடத்தும் விமான சேவைப் பேச்சுவார்த்தையில் மதுரையின் பெயர் வருகிறதா என்பது. இரண்டு, இந்திய நிறுவனங்கள் அடுத்த அட்டவணையில் மதுரைக்கு எத்தனை வெளிநாட்டு விமானங்களை ஒதுக்குகின்றன என்பது.

கிலோமீட்டரை யாராலும் குறைக்க முடியாது. மதுரைக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே 2,725 கி.மீ. என்பது மாறாது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி திருச்சி போகும் அந்த 135 கி.மீ.யை மட்டும் ஒரு கையெழுத்து குறைத்துவிடும்.